அண்ணை கேட்ட சவரம்

என் ஆசையண்ணை,

உங்களுடைய சவரக்கத்தி ஏழு கிழமை என்னிடம் இருந்தது. நீங்கள் போய் ஒரு வருடமான ஆட்டைத்திவசத்தன்று, வந்த சனம் எல்லாம் சாப்பிட்டுப் போன பிறகு, அண்ணி அதை ஒரு துவாயில் சுற்றிக் கொண்டுவந்து என் கையில் வைத்தார்.

"இனி நீர் இதாலை சவரம் எடும் தம்பி. அவருக்குச் சந்தோசமாயிருக்கும்."

வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. வாங்கிக்கொண்டு கூசேன்வில்லில் இருக்கிற என் வீட்டுக்கு ரயில் ஏறினேன். அது மடியில் இருந்த அந்த அரை மணித்தியாலமும் நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தேன்.

என்னைப்பற்றி உங்களுக்குத் தெரியும். பிரான்சுக்கு வந்த நாளிலிருந்து அதே இரும்பு றேசர்தான். திருகித் திறந்து, பிளேட்டை வைத்து, திருகி மூடி, மூன்று நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். விமான நிலையத்தில் காலை ஐந்தரைக்குக் கையெழுத்து வைக்கிற ஆளுக்கு அதற்குமேல் எங்கே நேரம்? நீங்கள் அதைப் பார்த்து, "கோழி உரிக்கிற சாமான்" என்று சிரிப்பீர்கள்.

உங்களுக்கோ றேசர் ஒத்துவரவில்லை. சவரம் எடுத்தால் கழுத்தெல்லாம் பருக்கள் முளைத்து இரத்தம் கசியும். டொக்டர் எழுதித் தந்த கிறீமுக்கும் அது கேட்கவில்லை. பிறகுதான் செந்துவான் பழைய சாமான் சந்தையில் எலும்புப் பிடி போட்ட அந்த மடக்குக் கத்தியை வாங்கினீர்கள். முதல் கிழமை முகமெல்லாம் கடதாசித் துண்டு ஒட்டிக்கொண்டு வேலைக்குப் போனீர்கள். பூனையோடு சண்டை பிடித்தாயா என்று உங்கள் முதலாளி கேட்டாராம். ஆனால் இரண்டு மாதத்தில் கழுத்து மாறிவிட்டது. அதற்குப் பிறகு ஒரு நாளாவது நீங்கள் தாடியோடு வெளியே வந்து நான் கண்டதில்லை.

அண்ணி திவசத்தன்றும் வந்தவர்களிடம் அந்தக் கதையைச் சொன்னார். "கடைசியா ஒண்டே ஒண்டுதான் கேட்டவர். தன்ரை கத்தியாலை ஒருக்காச் சவரம் எடுத்துவிடச் சொல்லி. அந்த நேர்ஸ் விடேல்லை. அவள் ஒரு மனுசியோ?" எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். நான் எல்லோருக்கும் பாயாசம் ஊற்றிக்கொண்டிருந்தேன். ஊற்றுவதை நிறுத்தவில்லை.

அண்ணை, நேர்ஸ் எடுக்க விட்டவள்.

அந்தக் காலைநேரம் உங்களுக்கு நினைவிருக்கும். உங்களைக் குணமாக்கும் மருந்து முடிந்து, வலிக்கு மட்டும் மருந்து கொடுக்கிற வார்டுக்கு மாற்றி ஆறாம் நாள். நெடுநாளாக மழிக்காத தாடி, நரையும் மஞ்சளுமாக இருந்தது. அண்ணி வீட்டுக்குக் குளிக்கப் போயிருந்தார். நீங்கள் என் கையைப் பிடித்து, "டேய், மேசை லாச்சியிலை கத்தி கிடக்கு. எடுத்து ஒருக்கா வழிச்சுவிடு. இப்பிடிப் போகேலாது" என்றீர்கள். எங்கே போவதைப்பற்றிச் சொன்னீர்கள் என்று நான் கேட்கவில்லை.

கேட்டுவிட்டு வருகிறேன் என்று வெளியே போனேன். வார்டு நடைவழியில் அந்தத் தாதி மருந்து வண்டிலோடு நின்றாள். சின்னப் பெண், கண்ணாடி போட்டவள். உங்களுக்கு இரத்தம் உறைவது குறைவு, அதனால் கொஞ்சம் யோசிக்கவேண்டும் என்றாள். பிறகு சிரித்து, "அவருக்கு விருப்பம் என்றால் செய்யுங்கள். பழகின ஆள் செய்தால் நல்லது. வெட்டினால் என்னைக் கூப்பிடுங்கள், நான் பக்கத்து அறையில்தான் நிற்கிறேன்" என்றாள். 'தூஸ்மோ, தூஸ்மோ', மெல்ல மெல்ல என்று தன் கன்னத்தில் விரலை மெதுவாக இழுத்தும் காட்டினாள்.

ஆனால் அதற்கு இரண்டு நாளுக்கு முதல்தான் உங்கள் கையில் ஊசி குத்திய இடத்தில் காலைநேரம் முழுவதும் இரத்தம் நிற்காமல் வந்தது. பஞ்சை அமத்திப் பிடித்திருந்தது நான். அந்தச் சூடு என் விரலை விட்டுப் போகவில்லை. அந்தக் கத்தியை உங்கள் தொண்டையில் வைக்க என்னால் ஏலாது என்று எனக்குத் தெரியும். அதை அப்படியே சொல்லியிருக்கலாம்தானே?

"விடமாட்டினமாம் அண்ணை."

"ஆர் சொன்னது?"

"நேர்ஸ்."

நீங்கள் என் முகத்தைப் பார்த்தீர்கள். நெடுநேரம் பார்த்தீர்கள். என்ரை றேசரைக் கொண்டுவந்து எடுத்துவிடவா என்று கேட்டேன். "வேண்டாம். விடு" என்று சொல்லிச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். நான் பொய் சொல்கிறேன் என்று அப்போது உங்களுக்குத் தெரிந்ததா?

மூன்றாம் நாள் நீங்கள் இல்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் அந்தத் தாதி வந்து அண்ணியின் தோளைத் தொட்டாள். என் பொய்யை உங்கள் வாயால் கேட்டிருந்த அண்ணி அவளுடைய கையைத் தட்டிவிட்டு, தமிழும் பிரெஞ்சும் கலந்து வாய்க்கு வந்தபடி ஏசினார். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள் என்னைப் பார்த்தாள். நான் அண்ணியைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனேன்.

பெட்டியில் வைக்கும்போது யாரோ உங்களுக்கு மெஷினால் சவரம் எடுத்திருந்தார்கள். நாடிக்குக் கீழே ஒரு திட்டு அப்படியே விட்டிருந்தது. அதை நான் கண்டேன். வேறு யாரும் கண்டார்களா தெரியாது.

இப்படியிருக்க, அந்தக் கத்தியை நான் என்ன செய்வது? றேசரை விட்டுவிட்டு இதற்கு மாறிவிடலாம், தினமும் காலையில் இதைக் கையில் எடுத்தால் ஏதாவது ஒன்று ஆறும் என்று ஒரு கிழமை நினைப்பேன். அடுத்த கிழமை துவாயைத் திறக்கவே பயமாக இருக்கும். கடைசியில் லாச்சப்பலில், தலைக்கு மேலே மெத்ரோ ஓடுகிற வீதியில், உங்களுக்கு முடி வெட்டிவந்த ரவியிடம் கொண்டுபோனேன்.

ரவி கத்தியை விரித்து வெளிச்சத்தில் பிடித்தார். "அண்ணையின்ரை எல்லோ? நல்லா வைச்சிருந்திருக்கிறார். ஆருக்கு, உங்களுக்கோ?"

"மாறலாமோ எண்டு யோசிக்கிறன்."

"பழக மூண்டு நாலு மாதம் செல்லும். முதல்லை முகத்தை வெட்டும். விடிய வேலைக்கு ஓடுற ஆள் அவசரத்திலை இதைத் தொடக்கூடாது." கத்தியின் முதுகைத் தன் கன்னத்தோடு சாய்த்துப் பிடித்துக் காட்டினார். "இப்பிடிச் சாய்வா. நிமித்தினால் தோல் போயிடும். உங்கடை றேசர் உங்களுக்கு என்ன குறை வைச்சது?"

ஒரு குறையும் வைக்கவில்லை என்றேன். பிறகு, நான் உண்மையில் கேட்க வந்ததைக் கேட்டேன். "படுத்த படுக்கையாக் கிடக்கிற ஆளுக்கு இதாலை எடுக்கலாமோ?"

"பழகின கை எண்டால் எடுக்கலாம். பழகாத கையை என்ரை அப்பாவிலையும் வைக்க விடமாட்டன்."

ஒரு நிமிடம், நான் மறுத்தது பிழையில்லை என்று நினைத்தேன். ரவி கத்தியை மடக்கிக்கொண்டே சொன்னார்: "அண்ணைக்கும் ஆஸ்பத்திரியிலை விடேல்லையாம் எண்டு உங்கடை அண்ணி சொன்னவ. விட்டிருந்தால் எனக்கு ஒரு போன் அடிச்சிருக்கலாம். நான் வந்திருப்பன். எத்தினை பேருக்குப் போய் எடுத்திருக்கிறன்."

அண்ணை, உங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி அவர் இருந்தார். நான் பயந்ததைக்கூட விடலாம். அந்தப் பயத்தை மறைக்கச் சொன்ன பொய்தான், ரவி வந்திருக்கக்கூடிய கதவையும் சாத்திவிட்டது. எனக்குப் பயமாக இருக்கிறது என்று சொல்லியிருந்தால், "அப்ப ரவியைக் கூப்பிடு" என்று நீங்கள் சொல்லியிருக்க மாட்டீர்களா?

ஞாயிற்றுக்கிழமை குளியலறையில் கண்ணாடிக்கு முன்னால் நின்றேன். வெந்நீர் ஒற்றி, நுரை பூசி, ரவி காட்டினமாதிரிச் சாய்த்து வலது கன்னத்தில் இழுத்தேன். முதல் இழுப்பு நன்றாகத்தான் போனது. தாடை எலும்பு வளைகிற இடத்தில் கை தயங்கியது. நுரை சிவந்த பிறகுதான் வெட்டியது தெரிந்தது.

மனைவி கதவைத் திறந்து, "என்ன கோதாரி இது! ஆரைக் கேட்டு இதை எடுத்தனீங்கள்?" என்று கத்தினாள். பஞ்சை அமத்தினேன். ஐந்து நிமிடத்தில் இரத்தம் நின்றுவிட்டது. மிச்சத்தை என் றேசரால் எடுத்தேன். மாறுவதில்லை என்று அப்போதே முடிவு செய்தேன். நூறு நாள் பழகினாலும், ஆஸ்பத்திரியில் நான் சொன்ன ஒரு சொல்லை அந்தக் கத்தி மழித்துவிடாது.

அன்று பின்னேரமே அண்ணியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். சமையலறை மேசையில் கைகளை வைத்துக்கொண்டு கேட்டார். அழவில்லை. ஏசவும் இல்லை.

"அப்ப நான் ஒரு வருசமா ஆரைத் திட்டினனான்?"

துவாயில் சுற்றிய கத்தியைப் பையிலிருந்து எடுத்தேன்.

"அந்தப் பிள்ளையின்ரை கையைத் தட்டிவிட்டனான் தம்பி. அது என்னைத் தொட வந்தது." பிறகு கையை நீட்டினார். "கத்தியைத் தாரும். அது உம்மட்டை இருக்க வேண்டாம்."

கொடுத்தேன். கதவடியில் என் பின்னால் வந்து, "என்னை அங்கை கூட்டிக்கொண்டு போம். எனக்குப் பிரெஞ்சு காணாது. நீர்தான் சொல்லவேணும், ஒண்டும் மறைக்காமல்" என்றார். எப்போதும் தருகிற தேத்தண்ணி அன்று தரவில்லை.

செவ்வாய்க்கிழமை எனக்கு லீவு. அண்ணியோடு அந்த வார்டுக்குப் போகிறேன். பயந்தது நான், அவளுடைய பெயரைச் சொல்லித் தப்பினதும் நான் என்று அந்தத் தாதியிடம் அவளுடைய மொழியிலேயே சொல்லுவேன். அவள் அங்கே வேலையில் இல்லையென்றால் எங்கே போனாள் என்று விசாரித்து அங்கேயும் போவோம். மன்னிக்கச் சொல்லி அவளையோ உங்களையோ கேட்கமாட்டேன். சொல்லிவிட்டு, அண்ணி அவளுடைய கையைப் பிடிக்கும்வரை பக்கத்தில் நிற்பேன். இது நான் உங்களுக்குத் தருகிற வாக்கு.

உங்களுக்குப் பின்னால் பிறந்த,
உங்கள் ஒரே தம்பி,
கணேஸ்