நடுவில் தேய்ந்த டயர்

அன்புள்ள என் வாலுப் பெண்ணுக்கு,

அம்மா எழுதுவது. அப்பாவின் இடது முழங்கையைத் தவிர இங்கே எல்லாம் நலம், உன் நலமறிய ஆவல், வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று அறிய அதைவிட ஆவல். அப்பா போனில் சின்ன சறுக்கல்தான் என்று சொல்லி வைத்துவிட்டார், நீயோ அந்த பைக்க வித்துத் தொலைங்க என்று அழுதாய். நடந்ததை நான் எழுதுகிறேன், படித்துவிட்டு அப்புறம் அழு.

நீ விட்டுப்போன பைக்கில்தான் நான் வீடு வீடாகப் போய்ப் பரிசோதனைக்கு ரத்தம் எடுத்து ஆய்வகத்தில் கொடுக்கிறேன். காற்று பிடிக்கும்போதெல்லாம் அப்பா கூடவே நின்று, இன்னும் கொஞ்சம் அடிங்க, டயர் கல்லு மாதிரி இருந்தாத்தான் பெட்ரோல் மிச்சம் என்பார், எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. போன வாரம் அவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பல் டாக்டரிடம் போனேன். லேசான தூறல், மெதுவாகத்தான் போனேன், ஆய்வகத்து வளைவில் திரும்பும்போது பின்சக்கரம் மட்டும் கோபித்துக்கொண்டு தனியாகக் கிளம்பியது போல விலகியது, இருவரும் தரையில் கிடந்தோம். கையில் ரத்தம் வழிய எழுந்தவர், உனக்கு ஒண்ணுமில்லையே என்று கேட்டுவிட்டுத்தான் ஐயோ என்றார்.

மறுநாள் கட்டுப்போட்ட கையோடு பைக் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து டயரைத் தடவித் தடவிப் பார்த்தார். ஓரம் இரண்டும் புதுசு, நடுவில் மட்டும் கோடெல்லாம் அழிந்து அவர் தலையைப் போலவே வழுக்கை. டயர் கடைக்குப் போய் விசாரித்துவிட்டு முகம் வாடித் திரும்பினார். காற்று அதிகமானால் டயரின் நடு உப்பிக்கொண்டு அந்தப் பட்டை மட்டும்தான் ரோட்டைத் தொடுமாம், அதனால் அதுவே தேயும், பிடிப்பும் குறையும், கோடு அழிந்துவிட்டால் ஈரத்தில் தண்ணீரை ஒதுக்க வழியில்லை. குறைவாக அடித்தாலும் ஆபத்துதானாம், ஓரம் தேயும், டயர் சூடேறும், வளைவில் வண்டி சொன்ன பேச்சு கேட்காது. இதையெல்லாம் சொல்லிவிட்டு, நாந்தான்டி உன்னத் தள்ளிவிட்டிருக்கேன், பாப்பா சொல்ற மாதிரி வித்துடலாம் என்றார். விற்றால் நான் எப்படி வேலைக்குப் போவது என்று கேட்டேன். தினமும் சாப்பாட்டில் உப்பு இல்லை என்று குறை சொல்கிற மனுஷன், அன்று அதைக்கூடச் சொல்லவில்லை.

புது டயர் போட்டாயிற்று. காற்று பார்க்கும் மீட்டர் ஒன்று வாங்கி வந்து, தினமும் நான் கிளம்பும் முன் டயர் ஆறியிருக்கும்போதே செயின் கவரில் ஒட்டியிருக்கும் அளவோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார். ஆனாலும் பின்னால் உட்காரமாட்டேன் என்று நடந்தே திரிந்தார். இன்று காலை தூறலைப் பார்த்துவிட்டு, இந்த ஈரத்துல உன்னத் தனியா விடமாட்டேன் என்று அவரே ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டு வந்து ஏறினார். அந்த வளைவில் வண்டியைச் சாய்த்தேன், டயர் ரோட்டைக் கவ்விக்கொண்டு திரும்பியது. அப்போது என் தோளைப் பிடித்தவர் வளைவு தாண்டியும் கையை எடுக்கவில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நடுரோட்டில் அவர் என்னைத் தொட்டது இதுதான் முதல் தடவை. ஆகவே விற்கும் பேச்சை இனி எடுக்காதே.

நீ போகும் வழியெல்லாம் பத்திரமாக, நோய்நொடி இல்லாமல் நன்றாக இரு தங்கம். உன் ஸ்கூட்டருக்கு நாளைக் காலையே காற்றைப் பார், பார்த்துவிட்டுப் போன் செய்.

என்றும் உன் நினைவோடு,
அம்மா