ஐந்து பெண்களின் குதிரை

மாஸ்கோவில் பதினான்காவது மாடியில் நின்று செங்கல் அடுக்கிக்கொண்டே ஊர்க் குதிரைகளை வெட்ட உத்தரவு போடும் அண்ணன் பெக்சுல்தான் அவர்களுக்கு,

தம்பி எர்மெக் எழுதுவது. நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா போனில் உன் குரலைக் கேட்டேன், கொழுப்பு வழிந்தது. என் போனைத்தான் எடுப்பதில்லை. அதனால் இன்றிரவு விமானத்தில் மாஸ்கோவுக்குக் கிளம்பும் ஜூரா அக்கா மகனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நீ படித்து முடிக்கும்வரை உன் கட்டிலில் உட்கார்ந்திருக்கச் சொல்லியிருக்கிறேன். அவன் எடை உனக்குத் தெரியும். கட்டில் பிழைக்க வேண்டுமானால் சீக்கிரம் படி.

"அப்பாவோட வருஷ நினைவு விருந்துக்கு நம்ம வீட்டுக் குதிரையையே வெட்டிடுங்க பெரியப்பா, ஊர் ஒண்ணும் பேசக் கூடாது" என்றாயாமே. வாக்குக் கொடுப்பதில் வாய்க்கு என்ன நஷ்டம்? பெரியப்பா தோக்தோசுன் அன்றைக்கே தெருத்தெருவாகச் சொல்லிவிட்டார். நீ அங்கே கட்டடம் கட்டுகிறாய், அவர் இங்கே உன் புகழைக் கட்டுகிறார். இடிபாடு மட்டும் எங்கள் தலையில்.

நம்ம வீட்டுக் குதிரை என்று யார் சொன்னது உனக்கு? சேற்றுவெள்ளம் லாயத்தையும் ஆடுகளையும், அவற்றை அவிழ்த்துவிடப் போன அப்பாவையும் கொண்டுபோன பிறகு, அடகு வைக்க நம்மிடம் ஒரு சுவர்கூட இல்லை. எந்த வங்கியும் அம்மாவை உள்ளே விடவில்லை. ஓஷ் நகரத்திலிருந்து வந்த கடன் சங்கம்தான் ஐந்து பெண்களை உட்காரவைத்தது. ஒருத்திக்கு மற்ற நால்வர் பிணை, வேறு அடகு கிடையாது. முதல் சுற்றுக் கடனில் அம்மாவுக்குக் குதிரை, ஜூரா அக்காவுக்கு ரொட்டி அடுப்பு. இவர்கள் இருவரும் தவணை தவறாமல் கட்டி முடித்தால்தான் மற்ற மூவருக்கும் கடன். ஒருத்தி சறுக்கினால் ஐவருக்கும் கதவு சாத்தப்படும். அந்த மூவரில் ஒருத்தியான அனார்குல் அத்தை இன்னும் தார்ப்பாய்க் கூடாரத்தில்தான் இருக்கிறாள். தையல் மெஷினுக்காகக் காத்திருக்கிறாள்.

தவணை எங்கிருந்து வருகிறது? குதிரையிடமிருந்து. அம்மா குட்டியைப் பக்கத்தில் நிறுத்திப் பால் கறந்து, புளிக்க வைத்து, கணவாய் ரோட்டில் லாரிக்காரர்களுக்குக் குமிஸ் விற்கிறாள். "நான் பணம் அனுப்பறேன்ல" என்பாய். குளிர்காலம் முழுக்க அதையேதான் சொன்னாய். அந்த வாக்கியத்தை அடுப்பில் போட்டுப் பார்த்தோம், எரியவில்லை.

சரி, நான் என்ன செய்தேன் தெரியுமா? செவ்வாய்க்கிழமை காலையில் குதிரையையும் குட்டியையும் மேல் மேய்ச்சலுக்கு ஓட்டிவிட்டு, பெரியப்பாவின் கிழட்டுக் கழுதையைக் கொண்டுவந்து நம் கொட்டிலில் கட்டினேன். குதிரையின் போர்வையும் கடிவாளமும் அதற்கு நன்றாகவே பொருந்தின. கறி எவ்வளவு தேறும் என்று பார்க்க, பெரியப்பா ஊர்ப் பெரியவர்கள் மூன்று பேரோடு வந்தார். போர்வையைத் தூக்கினார். கழுதை அவரை அடையாளம் கண்டு பாசத்தோடு கத்தியது.

"என்னடா இது?"

"நேத்துவரைக்கும் குதிரைதான் பெரியப்பா. வெட்டப் போறாங்கன்னு கேள்விப்பட்டதும் இப்படி ஆயிடுச்சு."

"கழுதை தின்னக் கூடாத சாதிடா, ஹராம்!"

"அப்ப அஞ்சு பொம்பளைங்க பொழப்பைத் தின்னலாமா?"

பெரியவர்களில் ஒருவர் தொப்பியால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். பெரியப்பாவின் முகம் பீட்ரூட்டாகிவிட்டது. "உங்கண்ணன் வாக்குக் குடுத்திருக்கான். அவன் வாயால வேணாம்னு சொன்னா நிறுத்திக்கிறேன். நீ யாருடா நடுவுல, முளைச்சு மூணு இலை விடல" என்றார்.

அன்று மாலை அம்மா, குதிரை வெட்டப்படப் போவதற்காக, குழுவிலுள்ள நான்கு பேர் வீட்டுக்கும் மன்னிப்புக் கேட்கப் போனாள். நானும் கூடப் போனேன். அனார்குல் அத்தை எழுந்துகூட வரவில்லை. கூடாரத்துக்கு உள்ளிருந்தே சொன்னாள்: "புருல், உன் புருஷன் மலைச் சேத்துல போனான். நாங்க உன் மவன் வாயால போறோம். சேறாவது கழுவினா போகும்." எப்போதும் பரிந்து பேசும் ஜூரா அக்காவும் அன்றைக்கு எங்களுக்குத் தேநீர் ஊற்றவில்லை. இந்த ஊரில் ஒரு வீட்டுக்குப் போய்த் தேநீர் இல்லாமல் திரும்பினால் என்ன அர்த்தம் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

திரும்பும் வழியில் அம்மா என்னை அறைந்தாள். கழுதைக்காக ஒன்று, சிரித்ததற்காக ஒன்று. பிறகு, "வியாழக்கிழமை குதிரையை இறக்கிட்டு வா" என்றாள். பைத்தியமா உனக்கு என்று கேட்டேன். "மூத்தவன் ஊரறிய வாயை விட்டுட்டான். வெட்டலேன்னா அவனைப் பாத்து நாலு பேர் சிரிப்பாங்க. அப்பனைப் புதைக்கவும் வரல, விருந்தும் வெறும் வாய்ப்பந்தல்னு பேசுவாங்க. என் புள்ளையப் பாத்து ஊர் சிரிக்க விடுவேனா?" என்றாள். உன்னைப் பார்த்து ஒருவரும் சிரிக்கக் கூடாது என்பதற்காக அவள் எல்லார் வீட்டு வாசலிலும் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அதைப் பார்த்தவன் நான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்பாவுக்கு நீ பட்ட கடனை இந்தக் குதிரையை வெட்டித் தீர்க்க முடியாது. அது உன் குதிரை இல்லை.

விருந்து வெள்ளிக்கிழமை. வியாழக்கிழமைக்குள் பெரியப்பாவைக் கூப்பிட்டு, "ஒரு ஆட்டோட நிறுத்திக்குங்க, நான்தான் அவசரப்பட்டுட்டேன்" என்று சொல். உன் வாயிலிருந்து வந்தால் போதும்.

கூப்பிடாவிட்டால் நான் இறக்கிக்கொண்டு வருவேன். அம்மா சொல்லைத் தட்ட மாட்டேன். மூத்த மகன் பிடிக்க வேண்டிய கயிற்றை நான் பிடிப்பேன், குட்டியை ஜூரா அக்கா பிடித்துக்கொள்வாள். கத்தி வைக்கும் முன் எல்லாரும் கையேந்தி துஆ கேட்பார்கள். நானும் ஏந்துவேன். உனக்காகத்தான் கேட்பேன் அண்ணா. என்ன கேட்டேன் என்று மட்டும் பிறகு என்னிடம் கேட்காதே.

வியாழக்கிழமைவரை உன் நீண்ட ஆயுளை வேண்டும்,
தம்பி எர்மெக்