என் பெயரில் விழுந்த சந்தா

ஜூன் 4

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே நலம். ஆசிரியர் சங்கத்தில் நீங்கள் மாற்றலாகி விட்டுப்போன பொருளாளர் நாற்காலியில் இப்போது நான். வரவுப் புத்தகத்தைப் புரட்டினேன். தலைவரோடு சண்டை போட்டு நான் விலகியிருந்த மூன்று வருடமும் என் பெயரில் மாதாமாதம் சந்தா விழுந்திருக்கிறது. நான் ஒரு பைசா கட்டவில்லை. "தேர்தல்ல ஓட்டுக்காக உங்க அண்ணி போலி ஆள் சேர்த்திருப்பாங்க" என்று தலைவர் காதைக் கடிக்கிறார். பதினாறாம் தேதி ஞாயிறு பொதுக்குழுவில் கணக்கு படிக்க வேண்டும். விவரம் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் நாத்தனார்

ஜூன் 8

அன்புள்ள கணக்கு டீச்சருக்கு,

என் கண் ஆபரேஷனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை நீ. போகட்டும். பணம் குறைந்தால் சண்டை போடலாம், கூடினாலுமா? வரவோடு நிறுத்திக்கொள், செலவுப் புத்தகத்தைக் கிளறாதே. கூட்டத்திலும் படிக்காதே. உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன். உன் பெரியவள் வேலைக்குப் போகிறாளாமே, சந்தோஷம்.

அண்ணி

ஜூன் 12

அண்ணிக்கு,

கேட்டதற்குப் பதில் இல்லை, மிரட்டல் வேறா? செலவுப் புத்தகம் ஆடிட்டரிடம் இருக்கிறது. அதில் எவ்வளவு சுருட்டினீர்களோ! இத்தனை வருடம் ஒரே ஸ்டாஃப் ரூமில் உங்களை நம்பி உட்கார்ந்திருந்ததை நினைத்தால் வயிறு எரிகிறது. சொந்தக்காரி என்று மூடி மறைக்க மாட்டேன். ஞாயிறன்று படிப்பேன்.

இப்படிக்கு,
பொருளாளர்

ஜூன் 14

அம்மாடி,

இனி மறைக்க முடியாது. அந்தச் சந்தாவை என் சம்பளத்திலிருந்து நான்தான் கட்டினேன். நீ வீம்பாக விலகிய சமயத்தில்தான் உன் வீட்டுக்காரருக்கு முதல் நெஞ்சுவலி. உறுப்பினராக இல்லாவிட்டால் சங்கத்தின் குடும்ப நிதி கிடையாது. அவர் போனபோது, ஸ்டாஃப் ரூமில் வசூலித்தது என்று ஒரு கவர் கொடுத்தேனே, அது அந்த நிதி. நீ படிக்காமலே கையெழுத்துப் போட்டாய். பெரியவள் கல்லூரியில் சேர்ந்தது அதில்தான். விதிப்படி தப்பு. தெரிந்தால் உன்னிடம் திருப்பிக் கேட்பார்கள். உன் அண்ணனுக்குக்கூடச் சொல்லவில்லை. தயவுசெய்து படிக்காதே.

அண்ணி

ஜூன் 17

அண்ணி,

உங்கள் கடிதம் இன்றுதான் வந்தது. கணக்கை நேற்றே கூட்டத்தில் படித்துவிட்டேன். உங்களைச் சங்கத்திலிருந்து நீக்கும் தீர்மானத்தில் முதல் கையெழுத்து என்னுடையது. கைதட்டினார்கள்.

செலவுப் புத்தகமும் இன்று வந்தது. அதிலும் என் கையெழுத்து இருக்கிறது.

உங்கள் கடிதத்தைச் சங்கத்தில் காட்டலாமா என்று கேட்டு ஒரு வரி எழுதி, அடித்துவிட்டேன். கேட்டால் வேண்டாம் என்பீர்கள். நாளை காட்டப்போகிறேன். "பணத்த நான் கட்டுறேம்மா" என்கிறாள் பெரியவள்.

கண் இப்போது எப்படி இருக்கிறது, அண்ணி?