மல்லிகா படத்துக்கு எந்தத் தாள்

12 ஆகஸ்ட் 2006, சனி

புகைப்படத் தாளைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

என் மனைவி மல்லிகாவின் கருப்பு வெள்ளைப் படத்தைச் சிம்மக்கல்லில் வாங்கிய இரண்டு தாளிலும் சாயங்காலம் பிரிண்ட் எடுத்தேன். பளபளப்புத் தாளில் கருப்பு நல்ல அடர்த்தி. பளபளப்பில்லாத மேட் தாளில் வெளிறிக் கிடந்தது. பளபளப்பைப் பெருமையாக நீட்டினேன். அவள் படத்தின் நெற்றியை மட்டும் பார்த்தாள்.

"என்னங்க, பொட்டு கருப்பா இருக்கு?"

"கருப்பு வெள்ளையில செவப்பு அப்படித்தான் விழும்."

"நீங்க இருக்கையில எனக்கு எதுக்குக் கருப்புப் பொட்டு?"

திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் என் நெஞ்சுக்குள் குழாய் விட்டுப் பார்க்கப்போகிறார்கள். அதைப் பற்றி அவள் இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

குங்குமச் சிமிழை எடுத்துவந்து படத்தில் பொட்டு வைத்தாள். பளபளப்பில் நிற்காமல் உதிர்ந்தது. அவள் முகம் செத்துவிட்டது. சட்டென்று மேட் தாளை நகர்த்தினேன். வைத்தாள், ஊதிப் பார்த்தாள். போகவில்லை.

"இதுதான் நல்ல பேப்பர்," என்றாள்.

பளபளப்புப் படத்தை ஓரமாக வைத்தேன். விரலில் மிச்சமிருந்ததை என் நெற்றியில் தீற்றிவிட்டுப் போனாள்.

இன்னும் முகம் கழுவவில்லை.