நடந்துவிட்டேன் என்று சொன்னது

அன்பு மனைவி குட்டிம்மாவுக்கு,

உன் முதுகுவலி தேவலையா? அத்தை வேளைக்குச் சாப்பிடுகிறார்களா?

குடல் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இடது காலில்தான் ரத்தம் கட்டி வீங்கிவிட்டது. பயப்படாதே, ஊசி போடுகிறார்கள்.

காலில் ரத்தம் கட்டாமலிருக்க, இந்த வார்டில் ஆபரேஷன் ஆனவர்களை "எழுந்திரிங்க, நாலு எட்டு நடங்க" என்று விரட்டுவதே இத்தனை வருஷமாக என் வேலை. என் முறை வந்தபோது, வயிற்றில் தொங்கும் மலப்பையை என்னோடு வேலை செய்பவர்கள் பார்ப்பார்களே என்று கூசிப் படுத்தே கிடந்தேன். நர்ஸ் கேட்டபோதெல்லாம் "நடந்துட்டேன் சிஸ்டர்" என்றேன். பழைய ஆளாயிற்றே, நம்பிவிட்டார். இப்போது அவர் முகத்தில் விழிக்கவே முடியவில்லை.

தொளதொளவென்று நாலு சட்டை அனுப்பு. பை மூன்று மாதம் இருக்குமாம்.

வீடியோ காலில் நீ பையைப் பார்த்துவிடக் கூடாதென்று, போன் கேமரா கெட்டுவிட்டது என்று உன்னிடம் சொன்னதும் பொய்தான்.

சிஸ்டர் கூப்பிடுகிறார். இன்றைக்கு நிஜமாகவே நடக்கப் போகிறேன்.