ஊளைச்சதை என்று சொன்னவனுக்கு

மகனுக்கு,

இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், பொய் எழுதக் கை வரவில்லை. நீ சுகமாகத்தான் இருப்பாய், உனக்கென்ன குறைச்சல். உன் தங்கைதான் படுத்த படுக்கையாகக் கிடக்கிறாள்.

போன விடுமுறைக்கு வந்தவன் சாப்பாட்டு மேசையில் அவள் இடுப்பைக் கிள்ளி, "என்னடி இவ்வளவு ஊளைச்சதை, பஸ்ஸ நீ ஓட்டுறியா, இல்ல உருட்டுறியா"ன்னு கேட்டாயே, நினைவிருக்கிறதா? நீ சிரித்தாய், உன் அப்பாவும் கூடச் சேர்ந்து சிரித்தார், அவரையும் தனியாகத் திட்டித் தீர்த்துவிட்டேன். உடற்பயிற்சிக் கூடத்தில் ஊராருக்குச் சொல்லிக்கொடுக்கிற அண்ணன் சொன்னால் அவளுக்கு அதுதான் வேதவாக்கு. போன கையோடு புரத மாவு டப்பா டப்பாவாக அனுப்பி, "இதக் கரைச்சுக் குடி, சாப்பாட்டுப் பக்கமே போகாத" என்றாய். அப்படியே செய்தாள். சட்டை தொளதொளவென்று ஆனது, மாதவிலக்கு நின்றது, கேட்டால் "வேலை அலுப்பும்மா" என்று மழுப்பினாள். போன வாரம் பஸ்ஸை ஓட்டிக்கொண்டு, வண்டி நிறைய ஆட்களோடு பாலத்தில் ஏறப் போகும்போது கண் இருட்டிவிட்டது. எப்படியோ ஓரங்கட்டி பிரேக்கை இழுத்துவிட்டு ஸ்டீயரிங் மேலேயே சாய்ந்துவிட்டாள். ஹாரன் நிற்காமல் அலற, எதிரே இருந்த கண்ணாடிக் கடைக்காரர் ஓடி வந்து தூக்கியிருக்கிறார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பாலத்தில் ஏறியிருந்தால்?

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, யார் சொல்லிப் பட்டினி கிடந்தாய் என்று கேட்டதற்கு அவள் உன்னைக் காட்டிக்கொடுக்கவில்லை, நான்தான் சொன்னேன். "கொழுப்புன்னா குப்பைன்னு நெனச்சீங்களா? அதுவும் ஒரு உறுப்பு மாதிரிதாம்மா" என்றார். கொழுப்புத் திசு என்று பெயராம். சாப்பிட்டதில் மிஞ்சியதைச் சேமித்து வைக்கிறது, குளிர் தாங்குகிறது, சிறுநீரகத்துக்கு மெத்தை போடுகிறது, உடம்பில் கையிருப்பு இருக்கிறதா என்று மூளைக்குச் சேதி அனுப்புகிறது. அந்தச் சேதி குறைந்ததும் மாதவிலக்கும் நின்றதாம். வயிற்றுக்குள் குடலைச் சுற்றி மிதமிஞ்சிச் சேர்ந்தால் கெடுதல்தான், ஆனால் நீ கிள்ளியது தோலுக்கடியில் இருக்கிற கொழுப்பு, அது பாட்டுக்கு இருந்தது. உடம்பில் இருக்கிற கொழுப்புக்கு இத்தனை வேலை இருக்கிறதடா, உன் வாயில் இருக்கிற கொழுப்புக்கு என்ன வேலை?

மாவை எல்லாம் சாக்கடையில் கொட்டிவிட்டேன். நேற்றுதான் இன்னும் கொஞ்சம் போடும்மா என்று தட்டை நீட்டினாள். நீட்டுவதற்கு முன் நீ நிற்கிறாயோ என்பதுபோல் ஒருமுறை வாசலைப் பார்த்தாள். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

வேளாவேளைக்குச் சாப்பிடு, நோய்நொடி இல்லாமல் இரு, பெற்ற வயிறு அதைச் சொல்லாமல் விடாது. ஆனால் அவளாகக் கூப்பிடுகிறவரை நீ கூப்பிடாதே. அவள் கூப்பிட்டால் மன்னிப்புக் கேள், எடை எவ்வளவு என்று கேட்டால் போனை நானே பிடுங்கி வைப்பேன்.

கோபம் ஆறாத,
உன்னைப் பெற்றவள்