கீறல் விழாத ஹெல்மெட்

சேசு மரி சூசை துணை

தூத்துக்குடி,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் ரெக்சனுக்கு அப்பா எழுதுவது. நீயும் உன் கப்பலும் பத்திரமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதத்தான் கை போகிறது, ஆனால் போன தடவை ஒரு பொய்யைச் சொல்ல வைத்து உன்னை ஏமாற்றினேன். உண்மையைப் போனில் சொல்ல வாய் வரவில்லை. நம் தெருப் பையன் பிரைட்டன் உன் கப்பலில் வேலைக்கு வந்து ஏறப் போகிறானாம், அவன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

உன் மகள் ஸ்டெபி மாடிப்படியில் விழவில்லை. அவள் பிறந்தநாளுக்கு நீ வாங்கிக் கொடுத்த நாலு சக்கர மோட்டார் பீச் பைக்கில் இருந்து விழுந்தாள். ஏற்றி விட்டது நான். மருமகள் விஜிலா வேலைக்குக் கிளம்பும்போது, மாமா, ஹெல்மெட் இல்லாம பிள்ளைய ஏத்தாதிய என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். நான்தான், மணல்தானேளா, விழுந்தாலும் மெத்தைதான் என்று சிரித்தேன். வண்டியைப் பங்குச் சாமியாரிடம் கொண்டுபோய் மந்திரித்து, கைப்பிடியில் செபமாலையும் கட்டியாயிற்று, இனி என்ன என்று ஒரு தைரியம். வண்டியோடு நீ தந்த ஹெல்மெட் வெளிநாட்டுச் சாமான், நீ லீவில் வரும்போது புதுசாக இருக்கட்டும் என்று பிளாஸ்டிக் கவரோடு ஷோகேசில் மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். முப்பது வருஷம் தோணி ஓட்டிய தண்டல் நான், காற்றைப் பார்க்காமல் ஒருநாளும் பாய் விரித்ததில்லை. கரையில் பேத்தியை ஏற்றும்போது ஒன்றையும் பார்க்கவில்லை. வள்ளம் கட்டுகிற முளைக்கம்பு மணலில் புதைந்து கிடந்திருக்கிறது, வண்டி அதில் இடித்துக் கவிழ்ந்துவிட்டது. நெற்றியில் ஏழு தையல், தோள்பட்டை எலும்பில் விரிசல். கொஞ்சம் கீழே பட்டிருந்தால் கண் போயிருக்கும் என்றார் டாக்டர்.

நீ நடுக்கடலில் பதறுவாய் என்று சாக்குச் சொல்லி, மாடிப்படி என்று விஜிலாவைச் சொல்ல வைத்தேன். உண்மையில் எனக்குப் பயம். நீ அவளைத்தான், பிள்ளையப் பாக்கறத விட உனக்கு என்ன வேலை என்று ஏசினாய். அவள் எனக்காக அதை வாங்கிக்கொண்டாள். நான் பக்கத்தில் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு போன் ஸ்பீக்கரில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

காயம் ஆறி வருகிறது, கவலைப்படாதே. வண்டிச் சாவியை விஜிலாவிடம் கொடுத்துவிட்டேன். நேற்று ஸ்டெபி ஷோகேசைக் காட்டி, தாத்தா, அப்பா தந்த ஹெல்மெட்ல ஒரு கீறல் கூட இல்ல பாத்தியளா என்று சந்தோஷமாகச் சொன்னாள். நான் அவள் நெற்றியைப் பார்க்கவில்லை.

மாதா உன்னைக் கரை சேர்க்கட்டும். இதைப் படித்ததும் போன் செய். என்னை அப்புறம் ஏசலாம், முதலில் விஜிலாவிடம் மன்னிப்புக் கேள்.

இப்படிக்கு,
உன் அப்பா
மனுவேல்